சுவரோவியத்தைப் பார்த்துக் கவிதை எழுத வரவில்லை

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுன், ஆர்மீனியன் தெருவில் 2012இல் வரையப்பட்ட சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் நேற்று அரை மணி நேரம் நின்றேன். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். எழுத உட்கார்ந்தால் 'அழகு', 'அற்புதம்' தவிர எதுவும் வரவில்லை. எப்படித் தொடங்குவது?

பதில் 1: தம்பி, சுவரைப் பாருங்கள். நான் அங்கே எழுதிய வரி:
'பிள்ளை வெளுக்கிறது,
சைக்கிள் துருவேறுகிறது,
இருவரும் இன்னும் இறங்கவில்லை.'
வர்ணனையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

பதில் 2: எனக்கு லிட்டில் இந்தியா பூக்கடைதான். மழை தூறினால் அந்த அம்மா மல்லிகைக்குத்தான் முதலில் பிளாஸ்டிக் விரிப்பார், தன் தலைக்கு அப்புறம். அதை அப்படியே எழுதினேன், உவமையே தேவைப்படவில்லை.

கேட்டவர்: சரி அக்கா, நன்றி. அந்தத் துருவை நான் கவனிக்கவே இல்லை. நாளைக் காலை, கூட்டம் வருமுன் நோட்டோடு போகிறேன்.