சாதா மாவா, மாடிஃபைட் ஸ்டார்ச்சா? வேலையில் கண்டதை எழுதுங்க

ராணிப்பேட்டை, கெமிக்கல் வியாபாரம்

கடைக்கு வர்ற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். சேலம், ஆத்தூர் பக்கத்துல இருந்து சாதாக் கிழங்கு மாவு மலிவா வருது. அப்புறம் எதுக்கு தின் பாய்லிங், ஆக்ஸிடைஸ்டு, பிரீஜெல்னு குணத்தை மாத்தின மாவுக்கு, அதாவது மாடிஃபைட் ஸ்டார்ச்சுக்கு, கூடுதல் காசு? கம்பெனி நோட்டீஸ்ல இருக்கிறது வேண்டாம். எந்த வேலைக்கு எது, அளவு என்ன, எங்க சொதப்பும்னு எழுதுங்க.

ஆம்பூர், அட்டைப்பெட்டி

ஷூ ஏற்றுமதிப் பெட்டிக்கு அட்டை ஓட்டுற ஆட்டோமேட்டிக் லைன்ல மாடிஃபைட் தேவையே இல்லை சார். சாதா மக்காச்சோள ஸ்டார்ச், காஸ்டிக் சோடா, போராக்ஸ் (வெண்காரம்) போதும். 100 கிலோ மாவுக்குக் கணக்கு இது.

முதல் டேங்க்: 120 லிட்டர் தண்ணி, 18 கிலோ மாவு. 3 கிலோ காஸ்டிக்கைத் தனியாக் கரைச்சு மெதுவா ஊத்தி, 70 டிகிரியில 15 நிமிஷம் கலக்கணும். வெள்ளை நிறம் போய்த் தெளிஞ்சு, கரண்டியில எடுத்தா அறாம நூலா இறங்கணும். இரண்டாவது டேங்க்: 280 லிட்டர், மீதி 82 கிலோ, போராக்ஸ் 2 கிலோ. முதல் டேங்க் பசையை இதுல இறக்கிக் கலக்கணும். இந்த மாவு பச்சையாவே இருக்கணும். அது வேகுற இடம் டேங்க் இல்லை, சூடான ரோலர்ல காகிதமும் காகிதமும் சேர்ற கோடு. முதல் டேங்க் பசையோட வேலை பச்சை மாவை அடியில தங்கவிடாம தாங்கிப் பிடிக்கிறது. மக்காச்சோள மாவு தானா வேக 62-72 டிகிரி வேணும். காஸ்டிக் அதை 60 பக்கம் இறக்குது. காஸ்டிக் கூடினா இன்னும் இறங்கும்.

நம்ம ஊர் மே மாசம் சோதிக்கிறது இங்கதான். மாடி டேங்க் தண்ணியே 40 டிகிரி. அதுல 70 டிகிரி பசையை இறக்கினா கலவை 49-க்குப் போயிடும். 28 டிகிரி தண்ணியா இருந்தா 41-லயே நிக்கும். சூடு 49-ல இருக்கிறப்போ காஸ்டிக்கும் கூடிப்போச்சுன்னா டேங்க்லயே கெட்டியாகலாம், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். அதனால வெயில் காலத்துல தரைத்தொட்டித் தண்ணியை எடுங்க. முதல் டேங்க் பசையை 20 நிமிஷத்துக்குக் குறையாம கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. சீக்கிரம் புளிக்கிறதும் இந்தச் சீசன்லதான். பசை ஒரே ராத்திரியில நீர்த்துப் புளிச்ச வாடை வந்தா மாவைக் குறை சொல்லாதீங்க, பைப்ல தங்கின பழைய பசையைக் கழுவுங்க.

சின்ன யூனிட்ல, கைமெஷின்ல ஒட்டுறவங்க கதை வேற. அங்க மாவை வேகவைக்கிற சூடு கிடையாது. ஏற்கெனவே வேகவச்சு உலர்த்தி அரைச்ச பிரீஜெல், அதாவது கம் பவுடர்தான் வேணும். சாதா மாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சா ஒட்டவே ஒட்டாது. கிலோவுக்கு 4-5 லிட்டர் தண்ணி. தண்ணியைச் சுழலவிட்டு அதுல பவுடரைத் தூவணும். பவுடர் மேல தண்ணி ஊத்தினா வெளியே பசை, உள்ளே காய்ஞ்ச பவுடர்னு கட்டி கட்டியா நிக்கும். 20 நிமிஷம் ஊறினதும் ஒட்டுங்க. தண்ணி அதிகமானா அட்டை வளையும்.

கப்பல்ல போற பெட்டின்னா ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ச் ஒட்டு ஈரத்துல விட்டுப்போகும். நீர் தாங்கும் ரெசின் கலக்கச் சொல்லி ஆர்டர்லயே எழுதிடுங்க.

குடியாத்தம், பாவு வேலை

லுங்கிப் பாவுக்கு (தறியில நீளவாக்குல ஓடுற நூலுக்கு) கஞ்சி போட நான் சாதா மாவைப் பரிந்துரைக்க மாட்டேன். மாவு கெட்டதுன்னு இல்லை, அதோட குணம் அப்படி. பாவுக்கு நூல் உள்ளேயும் போகணும், மேலேயும் படலமா நிக்கணும். சாதாக் கிழங்கு மாவு 5-6 சதவீதத்துலயே கொழகொழன்னு ஆகி நூல் மேல மட்டும் படியும். காய்ஞ்சதும் தறியில உதிரும். தறிக்கு அடியில வெள்ளைப் பொடி குவிஞ்சிருந்தா இதுதான் காரணம். தின் பாய்லிங் ஸ்டார்ச், ஆசிட்ல லேசா உடைச்ச மாவு. 12 சதவீதம் போட்டாலும் தண்ணியா ஓடும், நூலுக்குள்ள இறங்கும்.

பச்சைத்தண்ணியில கரைச்சு, கிளறிக்கிட்டே 90-95 டிகிரிக்கு ஏத்தி, அரைமணியில இருந்து முக்கால்மணி நேரம் நிறுத்தணும். எண்ணெயோ மெழுகு சாஃப்ட்னரோ கடைசியில, மாவு எடையில 3 சதவீதம். பாவு ஓடுற தொட்டியில சூடு 85-க்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா மேல ஆடை கட்டும், அது நூல்ல ஒட்டி அச்சுல சிக்கி இழை அறுக்கும்.

கோடையில படலம் காய்ஞ்சு நொறுங்கும். மாவைக் கூட்டினா சரியாகும்னு நினைக்கிறது தப்பு, இன்னும் விறைச்சு அறுபடும். கிளிசரின் கொஞ்சம் சேருங்க, தறிக்கொட்டகைத் தரையில தண்ணி தெளிங்க. குழித்தறிக்கு இந்தத் தொல்லை கம்மி, மண்ணோட ஈரம் உதவும். ஐப்பசி மழையில நேர்மாறு: பாவு பிசுபிசுக்கும், பூஞ்சை கரும்புள்ளி வைக்கும். சுத்தின பாவை வாரக்கணக்கா வைக்காதீங்க.

வாலாஜா, சாயப்பட்டறை

குடியாத்தம் அண்ணன் போட்ட கஞ்சியை எடுக்கிறது எங்க வேலை, அதனால இது. மாவை உடைக்கிற அமைலேஸ் என்சைம், 60-70 டிகிரி, பி.எச். (புளிப்பு-கார அளவு) 6-7. பாலாற்றுக் கரையோர போர் தண்ணியில சுண்ணாம்பு அதிகம்னு எல்லாரும் புலம்புவாங்க. பாக்டீரியா அமைலேஸுக்கு அந்த கால்சியம் நல்லது, என்சைமை நிலைக்க வைக்கும். சோப்பு போடுற கட்டத்துலதான் அது எதிரி.

கஞ்சி போச்சான்னு பார்க்க டிங்சர் அயோடினைத் தண்ணி விட்டு நீர்த்து ஒரு சொட்டு வைங்க. நீலம்னா மாவு அப்படியே இருக்கு. ஊதாவோ செம்பழுப்போ வந்தா பாதி உடைஞ்சிருக்கு, இன்னும் நேரம் கொடுங்க. மஞ்சளாவே நின்னா போயாச்சு. துணியில காரம் இருந்தா அயோடின் நிறம் மறைஞ்சு பொய் சொல்லும். முதல்ல நல்லா அலசுங்க. பாவுல பி.வி.ஏ. (செயற்கைப் பசை) கலந்திருந்தா என்சைம் அதைத் தொடாது, வெந்நீர் அலசல் தனியா வேணும். பாவு போட்டவங்க என்ன கலந்தாங்கன்னு கேட்டு வாங்குறது ரொம்ப நேரத்தை மிச்சம் பண்ணும்.

காட்பாடி, சாஸ் தயாரிப்பு

தக்காளி சாஸ்ல சாதா கார்ன்ஃப்ளார் ஏன் நிக்காதுன்னா புளிப்பு. பி.எச். 4-க்குக் கீழ, 90 டிகிரியில, கிளறும்போது உப்பின மாவு மணிகள் கிழிஞ்சு நீர்த்துப்போகும். குறுக்கிணைப்பு போட்ட (மணிக்குள்ள இழைகளை ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட) மாவு அப்படிக் கிழியாது. பாட்டில்ல தடிப்பாக்கி 1422-ன்னு இருக்கிறது அதுதான். உறைய வைக்கிற கிரேவிக்கு 1442-ங்கிற இன்னொரு மாடிஃபைட் மாவு நல்லது, உருகும்போது தண்ணி பிரியாது.

இதோட தொல்லை வேற மாதிரி: சூடு போதலைன்னா மணி விரியவே விரியாது, நாக்குல மாவு தட்டும். சந்தேகம்னா ஒரு துளியை அயோடினோட மைக்ராஸ்கோப்ல பாருங்க. உருண்டையா, உப்பி, ஓரம் முழுசா இருந்தா சரி. சின்னதா இறுகி இருந்தா இன்னும் வேகணும். கந்தலா இழுபட்டுக் கிடந்தா பம்போ ஹோமோஜினைசரோ அடிச்சு உடைச்சிருக்கு. மாவைத் தனியாப் போடாம ஐந்து பங்கு சர்க்கரையோட உலர்வாக் கலந்து தூவினா கட்டி விழாது.

ராணிப்பேட்டை, கெமிக்கல் வியாபாரம்

நன்றி. லேபிள் ஒட்டுற டெக்ஸ்ட்ரினை (வறுத்து உடைச்ச மாவை) யாரும் எழுதலை, நானே சொல்றேன்: மஞ்சள் டெக்ஸ்ட்ரின் பாதிக்குப் பாதி தண்ணியில கரைச்சாலும் ஓடும். தண்ணி கம்மி, அதனால சீக்கிரம் காயும், லேபிள் சுருங்காது. கம் பவுடருக்குப் பதிலா இதை அட்டைக்கு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. காகிதம் உறிஞ்சிடும், மாவு வீண். ஆம்பூர் சார், நீர் தாங்கும் ரெசின் மாவு எடையில எத்தனை சதவீதம் போடறீங்க?