லேப்டாப் கீல் உடைந்த விஷயம்: புதுப்பிப்பு

லேப்டாப் மூடியின் கீல் பிய்த்துக்கொண்டு வந்ததையும், சர்வீஸ் சென்டரில் "கீழே போட்டிருப்பீங்க, வாரன்டி கிடையாது" என்று கைவிரித்ததையும் எழுதியிருந்தேன். இப்போது இலவசமாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூ இறங்கும் சின்னப் பித்தளைக் குழல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அப்படியே பெயர்ந்திருந்தது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை, அதைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

"பிராண்டை மாத்துங்க" என்று நிறையப் பேர் சொன்னீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரே கம்பெனி ஒரு மாடலை உழைக்கிற மாதிரியும் இன்னொன்றை ஏனோதானோவென்றும் செய்கிறது, அதனால் பெயரை விட்டுவிட்டு மாடலைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து போன் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் புதிதில் தாங்கிய சார்ஜில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கீலுக்கும் அப்படி ஒன்று வேண்டும், ஏனென்றால் புது மூடியிலும் அதே பிளாஸ்டிக்தான்.