தோட்டச் சபைக்கு வரலாற்று மலர்: ஆரம்ப ஆண்டை எப்படி உறுதி செய்வது?

மஸ்கெலியா வாலிபர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உள்ள எங்கள் சுயாதீன சுவிசேஷ சபைக்கு 16 பக்கத்தில் மலர் போட மூப்பர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். சபை வரலாறு, நாங்கள் யார், எங்கள் விழுமியங்கள் என்று மூன்று பகுதி. கையில் இருப்பது ஈரம் ஊறிய ஒரு ஞானஸ்நானப் பதிவேடு, தோட்ட நிர்வாகம் கொடுத்த ஒரு கடிதம், சில படங்கள். வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே சபை இருந்தது என்கிறார்கள் சில பெரியவர்கள். எழுபதுகளில்தான் என்கிறார்கள் மற்றவர்கள். எந்த ஆண்டைப் போடுவது? விழுமியங்களில் "அன்பு, ஐக்கியம், விசுவாசம்" என்பதற்கு மேல் என்ன எழுதலாம்?

பழைய பதிவேடு:
தம்பி, இதில் இரண்டு வரலாறு கலந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் சரியாக இருக்கலாம்.

மலையகத் தோட்டங்களில் தமிழ் ஊழியம் கோப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1854இல் சி.எம்.எஸ். (இங்கிலாந்தின் அங்கிலிக்கன் மிஷனரி சங்கம்) சங்கத்தார் தமிழ்க் கூலி மிஷனை ஆரம்பித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்தார்கள். துரைமாரும் பணம் கொடுத்தார்கள். அந்த வழி இன்று அங்கிலிக்கன் சபையில் தொடர்கிறது. பெந்தெகொஸ்தே ஊழியம் இலங்கையில் வேரூன்றியதே 1920களில்தான். லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) வீட்டு ஜெபமாக ஆரம்பித்த சுயாதீன சபைகள் பெரும்பாலும் அதற்கும் பிந்தியவை. உங்கள் தோட்டத்தில் முன்பு உபதேசியார் இருந்திருந்தால் அதை ஒரு பத்தியில் மரியாதையோடு எழுதுங்கள். உங்கள் சபையின் ஆரம்பமாக மட்டும் அதைக் காட்டாதீர்கள்.

பெரியவர்களிடம் வருடம் கேட்டால் வராது, சம்பவத்தைக் கேளுங்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததற்கு முன்பா, பின்பா? தனியார் தோட்டங்கள் 1972 சட்டத்திலும் கம்பனித் தோட்டங்கள் 1975இலும் போயின; உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். 1973-74 பஞ்சத்துக்கு முன்பா? 83 கலவரத்துக்கு முன்பா? "கப்பல் ஏறின காலம்" என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின் பிறகு எண்பதுகளின் தொடக்கம் வரை ஆட்கள் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். யாருடைய குடும்பம் போனபோது என்று கேட்டால் இடைவெளி சுருங்கும். இந்தியாவில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய உறவினர்களிடம் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கக்கூடும். ஒரு தாளோ, ஒருவரை ஒருவர் கேட்டுச் சொல்லாத இரண்டு சாட்சிகளோ இல்லாத ஆண்டை அச்சில் போட வேண்டாம்.

பதிவேட்டை வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் முறுகி மை மங்கிவிடும். காற்றோட்டமான அறையில் பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்துத் தினமும் மாற்றுங்கள். பூஞ்சணம் உள்ளதால் மாஸ்க் அவசியம். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். செலோடேப், லெமினேட் இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரிக்கும், லெமினேட் செய்த தாளைப் பிறகு மீட்கவே முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து அட்டை முதல் அட்டை வரை படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பிரதிகளை இரண்டு வீட்டில் வையுங்கள்.

மஸ்கெலியா வாலிபர்:
நன்றி ஐயா. பதிவேட்டில் முதல் பெயர் 1976. அதையே ஆரம்ப ஆண்டாக வைக்கலாமா?

பழைய பதிவேடு:
"முதல் ஞானஸ்நானம் 1976" என்று எழுதுங்கள், அது உறுதி. வீட்டு ஜெபம் அதற்கு முன்பே நடந்திருக்கும். முதல் பக்கங்கள் கிழிந்திருக்கின்றனவா என்று தையலையும் பாருங்கள்.

பண்டாரவளை போதகர்:
இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். வேதாகமமே இறுதி அதிகாரம், கிறிஸ்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் மட்டுமே இரட்சிப்பு, மனந்திரும்பி மறுபடி பிறத்தல், சுவிசேஷத்தை அறிவித்தல். இவை சுவிசேஷ சபைகள் எல்லாவற்றுக்கும் பொது. உங்கள் சபையின் முகம் அடுத்த கேள்விகளில்தான் தெரியும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு. பப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே முழுக்குக் கொடுக்கின்றன. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? திருவிருந்தில் யார் பங்கு பெறலாம்? மூப்பரைத் தெரிவு செய்வது சபையா, போதகரா? இதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுதுங்கள். எழுத உட்காரும்போதுதான் மூப்பர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு தெரிய வரும். அச்சகத்துக்குப் போகுமுன் பேசித் தீர்க்க நேரம் வையுங்கள்.

விழுமியம் என்று எழுதுவதெல்லாம் செய்கையாக இருக்கட்டும். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடுகிறார்களா, கணக்கு சபைக்கு வாசிக்கப்படுகிறதா? அதை எழுதுங்கள். கல்யாணப் பேச்சில் சாதி பார்ப்பதைச் சபை எப்படி எதிர்கொள்கிறது? இதை விட்டுவிட்டு "கிறிஸ்துவுக்குள் எல்லோரும் சமம்" என்று எழுதுவது சரியல்ல. லயம் எரிந்தாலோ மண் சரிந்தாலோ கொடுக்கும் நிவாரணமும் அப்படித்தான்: பட்டியலைத் தேவையை வைத்துத் தயாரியுங்கள், ஆராதனைக்கு வருவோர் பட்டியலை வைத்து அல்ல. ஆராதனை நேரத்தில் கொடுக்கவும் வேண்டாம். 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்த காலத்திலிருந்தே பொருள் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நம்மேல் நிற்கிறது. கோவிலுக்குப் போகும் குடும்பத்துக்கும் அதே அளவு அரிசி என்பதை எழுத்தில் வையுங்கள்.

நானுஓயா:
அந்தத் தோட்டக் கடிதத்தைக் கவனமாக வாசியுங்கள். தோட்டக் காணி அரசுடையது; 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். ஜெபக்கூடம் கட்ட துரை தந்த அனுமதி உறுதிப்பத்திரம் ஆகாது. மலரில் "எங்கள் சொந்தக் காணி" என்று போட்டால் நாளைக்குப் பிரதேச செயலகத்தில் அந்த வரியே உங்களுக்கு எதிராக நிற்கும். கடிதத்தின் திகதி, கொடுத்தவரின் பதவி, சொன்ன நிபந்தனை மட்டும் போதும். புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி கேட்கும் சுற்றறிக்கை வந்தது 2008 ஒக்டோபரில். கட்டடம் அதற்கு முந்தியது என்று காட்டும் படமோ மின்கட்டணச் சீட்டோ இருந்தால் அதன் பிரதியைத் தனியே கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று. இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்களின் பெயரையும் படத்தையும் அவர்கள் சம்மதிக்காமல் போடாதீர்கள். அவர்கள் அதே லயத்தில் சொந்தங்களோடு வாழ்கிறார்கள். பெயருக்குப் பதில் டிவிஷனும் (தோட்டத்தின் உட்பிரிவு) ஆண்டும் போடலாம். அந்த ஆண்டில் அந்த டிவிஷனிலிருந்து வந்தவர் ஒருவர்தான் என்றால் டிவிஷனையும் எடுத்துவிடுங்கள்.