மலை உச்சி ரிப்பீட்டர்: நாமே கட்டுவதா, ஆயத்தமாக வாங்குவதா?

குன்றத்தான் (விவாதத்தைத் தொடங்கியவர்)

எங்கள் அமெச்சூர் வானொலி மன்றத்தின் 2 மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டர் ஐப்பசி மழைக்குப் பிறகு செவிடாகிவிட்டது. அடிவாரத்து ஊர்களிலிருந்து 5 வாட் கைக்கருவியில் பேசினால் முன்பு தெளிவாகக் கேட்ட குரல் இப்போது இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. ஆனால் ரிப்பீட்டர் அனுப்பும் சிக்னல் மட்டும் பழைய வலிமையோடு எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பெட்டிக்கு வயது 14. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஆயத்த ரிப்பீட்டர் ஒன்றை டூப்ளெக்சரோடு சேர்த்து வாங்கிவிடலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு மொபைல் கருவிகளையும் சொந்தமாகச் செய்த கேவிட்டிகளையும் (டூப்ளெக்சருக்குள் அலைவரிசைகளைப் பிரிக்கும் உலோகக் குழாய் வடிகட்டிகள்) வைத்து நாமே கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு அலைவரிசையில் கேட்பதை, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு அலைவரிசையில், அதே கணத்தில் திருப்பி அனுப்புவதுதான் ரிப்பீட்டரின் வேலை. கேட்பதற்கு ஒரு கருவி, அனுப்புவதற்கு ஒரு கருவி, இரண்டையும் இணைத்து அழைப்புக்குறியை மோர்சில் ஒலிக்கவும் நீளப் பேச்சை வெட்டவும் ஒரு சிறு கண்ட்ரோலர், ஒரே ஆன்டெனாவை இருவரும் பங்கிட்டுக்கொள்ள ஒரு டூப்ளெக்சர் ஆகிய நான்கில் நம் கைக்கு எட்டாதது எதுவுமில்லை. 1960களில் அமெரிக்க அமெச்சூர்கள் டாக்சி நிறுவனங்களும் காவல்துறையும் கழித்துவிட்ட எஃப்.எம். கருவிகளை வாங்கிப் பிரித்து மாற்றித்தான் தங்கள் ரிப்பீட்டர்களை எழுப்பினார்கள். பன்னாட்டு வானொலி விதிகள் அமெச்சூர் சேவையின் நோக்கங்களைச் சொல்லும்போது தற்பயிற்சியையும் தொழில்நுட்ப ஆய்வையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. பெட்டியை வாங்கி மாட்டுவதில் அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன?

பழைய ஏணி

உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக மலையேறி ரிப்பீட்டர் பார்த்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் வெப்பம். மொபைல் கருவி சிறிது நேரம் பேசிவிட்டு நெடுநேரம் கேட்பதற்காக வடிவமைக்கப்பட்டது. ரிப்பீட்டரிலோ மாலை நேர வலைக்கூடல் (பலர் முறைவைத்துப் பேசும் வானொலிக் கூட்டம்) நடந்தால் அனுப்பும் கருவி ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஓய்வின்றி உழைக்க வேண்டும். 50 வாட் கருவியை 20 வாட்டுக்கு இறக்கி, பெரிய வெப்பத்தகடும் விசிறியும் பொருத்தினாலொழிய இறுதி டிரான்சிஸ்டர் தாங்காது. விசிறி வைத்தால் தூசியும் பூச்சியும் உள்ளே வரும்.

அடுத்தது, நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன கேவிட்டி. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். கேவிட்டிக்குள் இருக்கும் கம்பியின் நீளமும் ஏறத்தாழ அதுவே. தாமிரம் ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். தகரக் கூரை அறையில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 20 டிகிரி வேறுபாடு எளிதில் வரும். அந்த 20 டிகிரிக்கு கேவிட்டியின் ஒத்திசைவு ஏறத்தாழ 49 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுகிறது. அனுப்பும் அலையும் பெறும் அலையும் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும்போது, ஆழமான நாட்ச் (வேண்டாத அலையை அடக்கும் பள்ளம்) அவ்வளவு நகர்ந்தால், அனுப்பும் கருவியின் சக்தி கேட்கும் கருவிக்குள் கசியாமல் நீங்கள் பாடுபட்டு எடுத்த தனிமைப்படுத்தலில் பெரும்பகுதி பறிபோகும். நல்ல நிறுவனங்கள், சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் இரும்பு-நிக்கல் கலவையான இன்வாரில் கம்பி போடுவது இதற்காகத்தான். அந்தக் கலவையைக் கண்டறிந்த கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. பக்கத்து மாவட்டத்து மன்றம் ஒன்றில் ஓர் உறுப்பினர் அருமையான கண்ட்ரோலர் செய்து வைத்தார். வேலை கிடைத்து வெளிநாடு போனார். சுற்று வரைபடம் எவரிடமும் இல்லை. ஒரு ரிலே போனபோது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்றே தெரியாமல் அந்த ரிப்பீட்டர் ஏழு மாதம் ஊமையாகக் கிடந்தது.

குன்றத்தான்

ஐயா, அந்த மன்றத்தில் தவறியது ஆவணம். கட்டியதால் வந்த குறை அல்ல அது. வரைபடத்தை அட்டையில் ஒட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்கவிடுவோம்.

ஆயத்தப் பெட்டிகளிலும் இதே நோய் உண்டு. எங்கள் பழைய பெட்டியின் அலைவரிசையை மாற்றும் மென்பொருள், இன்று எவரும் பயன்படுத்தாத பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். அதற்கென்றே தனி கேபிள் வேண்டும். அந்த மடிக்கணினி பழுதானபோது நாங்களும் உங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர்களைப் போலத்தான் நின்றோம். இன்வார் கம்பியை வாங்கிக்கொள்ளலாம். குழாயைத் தேடிப் பிடித்து, கடைசலுக்குக் கொடுத்து, நாமே இணைக்கலாம். வெளிக்குழாயின் விட்டம் உள்குழாயைப் போல் ஏறத்தாழ 3.6 மடங்கு இருந்தால் இழப்பு மிகக் குறைவு என்பது பாடநூல் கணக்கு. 6 அங்குல அலுமினியக் குழாய்க்குள் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழாய் போதும்.

புதுவை அலை

இருவரும் பழைய எஃப்.எம். முறைக்குள்ளேயே நின்று வாதிடுகிறீர்கள். டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் குரல் முறைக்கு மாறினால், ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் தடத்தில் 30 மில்லிநொடிக் கூறுகளாக நேரத்தைப் பிரித்து, இரண்டு உரையாடல்களை ஒரே ரிப்பீட்டரில் நடத்தலாம். கைக்கருவி பாதி நேரம்தான் அனுப்புகிறது என்பதால் அதன் மின்கலமும் நீடிக்கும். டிஜிட்டல் ரிப்பீட்டர்களுக்காக ஜோனதன் நெய்லர் எழுதிய எம்.எம்.டி.வி.எம். மென்பொருள் திறந்த மூலமாகவே கிடைப்பதால், கட்டும் ஆர்வம் உள்ளவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. இணைய வலையில் இணைத்துவிட்டால் மலைக்கு அப்பாலும் பேசலாம்.

டெல்டா நேயர்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எங்கள் ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை, கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. அந்த நாட்களைப் பார்த்தவன் நான். வலை இணைப்பை நம்பிய எதுவும் அப்போது உதவாது. விலை குறைந்த எஃப்.எம். கைக்கருவியை எவர் வேண்டுமானாலும் எடுத்து, ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் எண்ணை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பேசிவிடலாம். டி.எம்.ஆர். கருவிக்குள் அதன் அமைப்புகள் அடங்கிய குறியீட்டுத் தொகுப்பை ஏற்றித் தர, புயல் நேரத்தில் யாரைத் தேடுவது? குரலை எண்களாகச் சுருக்கும் அதன் கோடெக்கும் ஒரு நிறுவனத்தின் மூடிய உடைமை. நாமே ஆய்ந்து கற்பதற்கான சேவையில் பேச்சின் உயிர்நாடியே பூட்டிக் கிடப்பது எனக்கு உறுத்துகிறது.

குன்றத்தானுக்கு ஒரு கேள்வி. உங்கள் மின்கலக் கணக்கு என்ன? 25 வாட் அனுப்ப 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர், சும்மா கேட்க அரை ஆம்பியர் என்று கொள்வோம். நான்கில் ஒரு பங்கு நேரம் அனுப்பினால் சராசரி 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்காமல் காத்தால், ஒரு நாளுக்குச் சற்று அதிகம் ஓடும். புயல் ஒரு நாளில் முடிவதில்லை. சூரியத்தகடு பற்றி நீங்கள் இருவருமே இதுவரை ஒரு சொல் சொல்லவில்லை.

புதுவை அலை

ஒரு திருத்தம் மட்டும். வலை அறுந்தாலும் டி.எம்.ஆர். ரிப்பீட்டர் உள்ளூரில் தனியே இயங்கும். தொலைதூர இணைப்புதான் போகும். கைக்கருவிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்யவேண்டும் என்பதையும் கோடெக் பற்றிய உங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். கோடெக்-2 என்ற திறந்த குரல் முறையைக் கொண்ட எம்.17 என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் அதற்கான கருவி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், இந்த ஆண்டே அதற்கு மாறுங்கள் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

அளவுகோல்

இதுவரை வந்த எல்லாப் பதிவுகளையும் படித்துவிட்டேன். கட்டுவதா, வாங்குவதா, முறையையே மாற்றுவதா என்று பேசுகிறோம். என்ன பழுது என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குன்றத்தான் அண்ணா, முதல் பதிவில் நீங்களே தடயத்தைத் தந்துவிட்டீர்கள். அனுப்புவது நன்றாக இருக்கிறது, கேட்பது மட்டும் கெட்டிருக்கிறது. ரிசீவர் பழுதாகியிருக்கலாம். தன் டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலாலேயே அது செவிடாகவும் கூடும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பணம் செலவழிப்பது நியாயமில்லை. கால் மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டிய ரிசீவருக்குப் பக்கத்திலேயே 25 வாட் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது. நடுவில் 80 முதல் 90 டெசிபெல் தனிமைப்படுத்தல் வேண்டும். 90 டெசிபெல் என்றால் நூறு கோடியில் ஒரு பங்குதான் கசியலாம்.

சோதனை எளிது. சிக்னலை மிகவும் மெலிதாக்கிக் கடத்தும் டீ வடிவ இணைப்பி ஒன்றை டூப்ளெக்சரின் ஆன்டெனா வாயிலில் பொருத்தி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மிக மெல்லிய சிக்னலை உள்ளே விடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, குரல் இரைச்சலுக்கு மேல் எழும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை இயக்கி, அதே தெளிவு வர எத்தனை டெசிபெல் கூட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இதை முதலில் டம்மி லோடிலும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் சுமை) பிறகு ஆன்டெனாவிலும் செய்யுங்கள். டம்மி லோடில் நன்றாக இருந்து ஆன்டெனாவில் கெட்டால், குற்றவாளி பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நானோ வி.என்.ஏ. என்ற சிறு அளவுக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு டூப்ளெக்சர் சரி என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அதன் அளவெல்லை ஏறத்தாழ 70 டெசிபெல். 90 டெசிபெல் பள்ளத்தின் அடிப்பகுதி அதன் கண்ணுக்குத் தெரியாது.

வாங்கும் கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவாக விற்கும் தட்டையான சிறு டூப்ளெக்சர்கள் பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தவை. 600 கிலோஹெர்ட்ஸுக்கு அவை எவ்வளவு திருகினாலும் வராது.

பழைய ஏணி

அம்மா சொல்வது முற்றிலும் சரி. நானே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனாலும் 14 வயதுப் பெட்டிக்கு மாற்று ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

குன்றத்தான்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சென்ற ஞாயிறன்று நான்கு பேர் ஜெனரேட்டரையும் டம்மி லோடையும் சுமந்து மேலே போனோம்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்த நிலையில் ரிசீவர் கால் மைக்ரோவோல்ட்டில் திறந்தது. அதாவது ரிசீவருக்கு ஒன்றுமில்லை. டம்மி லோடோடு டிரான்ஸ்மிட்டரை இயக்கியபோது 2 டெசிபெல் மட்டுமே இழந்தது. ஆகவே டூப்ளெக்சரும் நலமாகவே இருக்கிறது. ஆன்டெனாவை இணைத்ததும் இழப்பு 14 டெசிபெல் ஆனது. சிக்னல் ஊசி நிலையாக நிற்காமல் காற்று வீசும்போதெல்லாம் துடித்தது.

டூப்ளெக்சருக்கும் மின்னல் தடுப்பிக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இணைப்புக் கேபிள் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் அதை மாற்றினோம். அலுமினியத் தாளின் மேல் வெள்ளீயம் பூசிய தாமிரப் பின்னல் போட்ட, குறைந்த இழப்புள்ள வகை. இணைப்பியைத் திறந்தபோது உள்ளே ஈரமும் வெண்பொடியும் இருந்தன. இரு உலோகங்களும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில், நம் டிரான்ஸ்மிட்டரின் சக்தி பாயும்போதே இரைச்சல் பிறந்துகொண்டிருந்தது. வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்.ஜி.-214 துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். அதை மாட்டி, ரப்பர் நாடா சுற்றி, மீண்டும் அளந்தோம். 3 டெசிபெல்.

கீழே வந்து அடிவாரத்து டீக்கடையில் நின்று 5 வாட்டில் பேசினேன். பழையபடி கேட்கிறது.

பழைய ஏணி

அந்தக் கேபிளைப் பரிந்துரைத்தது நான்தான். அட்டவணையில் ஒரு மீட்டருக்கான இழப்பை மட்டும் பார்த்தேன். ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் இடத்தில் அந்தக் கட்டமைப்பு ஆகாது என்பதை நினைக்கவில்லை. மன்றத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். அதே வகைக் கேபிளை வேறு இரண்டு மலைகளிலும் மாட்டியிருக்கிறேன். அவற்றை மாற்றும் செலவு என்னுடையது.

டெல்டா நேயர்

செலவைப் பகிர்ந்துகொள்வோம் ஐயா. அந்தப் பணம் மிச்சமானால் சூரியத்தகட்டுக்குப் போகட்டும்.

குன்றத்தான்

கட்டும் ஆசையை நான் கைவிடவில்லை. பழைய பெட்டி ஓடட்டும். நாங்கள் கட்டுவதை ஓராண்டு என் வீட்டு மாடியில் டம்மி லோடில் ஓட்டிப் பார்த்து, அது கோடையையும் மழையையும் கடந்தால் மட்டும் மாற்றுப் பெட்டியாக மேலே கொண்டுபோகலாம் என்று கூட்டத்தில் சொல்லப்போகிறேன். பழைய ஏணி ஐயா எதிர்த்து வாக்களிப்பார் என்று தெரியும். ஆனாலும் கேவிட்டி கடையும்போது பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஏணி

எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். கடைசல் நாளைச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அளவுகோல்

அண்ணா, அந்த 3 டெசிபெல் அளவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? அறையின் வெப்பநிலையைக் குறித்தீர்களா? டம்மி லோடில் கிடைத்த 2 டெசிபெல்லும் ஒரே வேளையில் எடுத்ததுதானே? டூப்ளெக்சர் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இன்வார் இருக்கிறதா என்பது விடியற்காலை அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

குன்றத்தான்

காலை 11 மணிக்கு எடுத்தோம். வெப்பநிலையைக் குறிக்கவில்லை. வரும் சனிக்கிழமை இரவு மேலேயே தங்கி, விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறையும் பிற்பகல் 2 மணிக்கு ஒரு முறையும் அளந்து, இரண்டையும் வெப்பமானியோடு சேர்த்து இங்கே பதிகிறேன்.