ஜெட் ஸ்கி டூர்: நீச்சல் தெரியாத ரெண்டு பேர் லங்காவியில் போகலாமா?

சத்துவாச்சாரி_சின்னவர்

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆட்கள் யாராவது மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போய் வந்திருந்தால் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். பொங்கல் லீவோடு சேர்த்து நானும் வீட்டம்மாவும், கூட மச்சானும் அவன் மனைவியும் போகிறோம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவி, நாலு ராத்திரி தங்கல். டிக்கெட் போட்டாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு மச்சான் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டான். கைடு முன்னால் ஒரு ஜெட் ஸ்கியில் (தண்ணீர் மேல் ஓடுகிற பைக் மாதிரி வண்டி) போவாராம், நாம் பின்னாலேயே நம் வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றி வருவதாம், மொத்தம் நாலு மணி நேரமாம். வீடியோ பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை, காரணம்தான் வேறு வேறு.

எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. நம் ஊரில் எங்கே கற்றுக்கொள்வது? நான் வளர்ந்த காலத்தில் பாலாறு என்றாலே மணல். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்து ஓரம் நின்று போட்டோ எடுத்ததும், ஏலகிரி ஏரியில் பெடல் போட் மிதித்ததும்தான் எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. ஆனால் பைக் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன், தினமும் ராணிப்பேட்டை வரைக்கும், ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில். "அதைவிடவா மாமா கடல் கஷ்டம், அங்கே எதிரில் யாருமே வர மாட்டான்" என்கிறான் மச்சான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

போகலாமா? மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டலாமா? அவருக்குக் கண்ணாடி வேறு. பணம், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் விஷயத்தில் ஏமாற்று வேலை எதுவும் இருக்கிறதா?

குடியாத்தம்_லுங்கி

போகலாம் தம்பி. நான் ரெண்டு வருஷம் முன்னால் அதே டூர் போனேன், எனக்குக் கிணற்று நீச்சல் மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் அங்கே நீச்சலுக்கு வேலையே வரவில்லை, லைஃப் ஜாக்கெட் சரியாக மாட்டியிருந்தால் கவிழ்ந்தாலும் கார்க் மாதிரி மிதப்பீர்கள். பக்கிள் எல்லாம் போட்ட பிறகு யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை, மாற்றிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நீச்சல் தெரியாததை விட எனக்குப் பயம் உங்கள் பதினெட்டு வருஷ பைக் அனுபவத்தைப் பார்த்துத்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பைக்கில் முன்னால் ஏதாவது வந்தால் கை என்ன செய்யும்? ஆக்சிலேட்டரை விடும், பிரேக்கைப் பிடிக்கும், ஹேண்டில்பாரைத் திருப்பும். யோசிக்கவே வேண்டாம், உடம்பே செய்துவிடும். ஜெட் ஸ்கியில் இதே பழக்கம் வந்தால் நேராகப் போய் மோதுவீர்கள். ஏனென்றால் அதற்குச் சக்கரமும் இல்லை, படகுக்கு இருக்கிற மாதிரி சுக்கானும் இல்லை. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்னால் இருக்கிற குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது, அந்தப் பீய்ச்சலில்தான் வண்டி போகிறது. நீங்கள் ஹேண்டிலைத் திருப்பினால் திரும்புவது அந்தக் குழாயின் வாய் மட்டும்தான். த்ராட்டிலை, அதாவது ஆக்சிலேட்டரை, விட்டுவிட்டால் பீய்ச்சல் நின்றுவிடும், அப்புறம் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி தன் பாட்டுக்கு நேராகத்தான் வழுக்கிக்கொண்டு போகும். தப்பிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துக்கொண்டேதான் திருப்ப வேண்டும். பயம் வரும்போது ஆக்சிலேட்டர் கொடுப்பது என்பது நம் உடம்புக்கே எதிரான விஷயம், அதனால்தான் முதல் பத்து நிமிஷம் கைடு பக்கத்தில் இருக்கும்போதே, காலியான இடத்தில், வேண்டுமென்றே அதைச் செய்து பாருங்கள். ஒருமுறை த்ராட்டிலை விட்டுத் திருப்புங்கள், ஒருமுறை கொடுத்துத் திருப்புங்கள். ரெண்டுக்கும் வித்தியாசம் கைக்குப் புரிந்துவிட்டால் போதும், பாதி டூர் முடிந்த மாதிரி.

பிரேக்கும் கிடையாது. சில புது மாடல்களில் லீவர் இருக்கும், வாடகை வண்டியில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முழு வேகத்தில் விட்டால் நிற்பதற்கு 300 அடிகூடப் பிடிக்கும் என்கிறார்கள். எங்கள் குரூப்பில் ஹைதராபாத் பையன் ஒருவன் கைடின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தான், கைடு ஒரு இடத்தில் சட்டென்று வேகம் குறைக்க, இவன் அவர் பக்கவாட்டில் உரசாத குறையாகப் போய், நூறு அடி தாண்டி நின்றான். கைடு ஒன்றும் பேசவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு பையன் கடைசி ஆளாகத்தான் வந்தான்.

எதிரில் யாரும் வர மாட்டான் என்று மச்சான் சொல்வதும் தப்பு. தீவு சுற்றுகிற போட்கள் அதே வழியில்தான் வரும், அவை கிளப்பிவிடுகிற அலை உங்கள் மேல் குறுக்கே வரும். எதிரெதிராக வந்தால் ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், நம் ரோட்டுக்கு நேர் தலைகீழ். இது ஒன்றை மனைவியிடமும் சொல்லி வையுங்கள், நீங்கள் மறந்தாலும் அவர் பின்னாலிருந்து கத்துவார்.

ஆற்காட்டு_மக்கன்பேடா

பின்னால் உட்கார்ந்து போனவள் எழுதுகிறேன், ஓட்டினவர்கள் எல்லாம் ஓட்டினதைப் பற்றியே பேசுவார்கள்.

அண்ணா, அண்ணியிடம் இதைக் காட்டுங்கள். முதல் விஷயம் உடுப்பு. சுடிதார், துப்பட்டா, பாவாடை எதுவும் வேண்டாம். ஒட்டினாற்போல் முழுக்கை ஸ்விம் டீ-ஷர்ட், கீழே வெட்சூட் ஷார்ட்ஸ் (ரப்பர் மாதிரி தடித்த துணியில் தைத்தது) கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அதன் மேல் லெகிங்ஸ் போட்டால்கூடப் பரவாயில்லை. இது மானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் இருப்பவர் மல்லாக்க விழுந்தால் அந்தப் பீய்ச்சலுக்கு நேராகத்தான் விழுவார், அந்த வேகத்தில் தண்ணீர் உடம்புக்குள் ஏறி உள்காயம் ஆகும். சாதாரண நீச்சல் உடை அதைத் தடுக்காது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும், யாரும் படிப்பதில்லை. தலைமுடியைப் பின்னலாகத் தொங்கவிடாமல் கொண்டை போட்டுத் துணி கட்டிக்கொள்ள வேண்டும், அடியில் உறிஞ்சுகிற இடத்தில் முடியோ கயிறோ மாட்டினால் இழுத்துக்கொள்ளும். தாலிச் சரடை நான் ஊருக்கு வெளியே கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன், கடைசியில் ஜாக்கெட்டுக்கு உள்ளே டீ-ஷர்ட்டோடு சேர்த்துப் பின் குத்திக்கொண்டேன், அப்படியும் நாலு மணி நேரமும் கை அங்கேயேதான் போய்க்கொண்டிருந்தது. நகை எதுவும் போடாமல் வருவது நல்லது.

அப்புறம் பிடித்துக்கொள்கிற விஷயம். டிவிஎஸ்ஸில் ஒரு பக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார முடியாது, ரெண்டு பக்கமும் கால் போட்டு, ஓட்டுகிறவர் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அலையில் எகிறும்போது லேசாக முழங்காலில் எழுந்து கொடுத்தால் முதுகு தப்பிக்கும், விறைப்பாக உட்கார்ந்தால் மறுநாள் படுக்கைதான். முதுகுத்தண்டு பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் போகவே கூடாது. வேகத்தைப் பின்னால் இருப்பவர் முடிவு செய்யட்டும். நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: முதுகில் ஒரு தட்டு தட்டினால் குறை, ரெண்டு தட்டு தட்டினால் நிறுத்து. என் வீட்டுக்காரர் முதல் அரை மணி ஒழுங்காகக் கேட்டார், அப்புறம் நான் தட்டவில்லை, கிள்ளினேன்.

நாங்கள் ஒருமுறை கவிழ்ந்தோம். கைடு சிரித்துக்கொண்டே வந்தார். ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ சுருள் கயிறு ஒன்று மாட்டியிருக்கும், விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும், அதை மாட்டாமல் ஓட்டவே கூடாது. வண்டி குப்புறக் கிடந்தால் அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள், எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று பின்னாலேயே அம்புக்குறி இருக்கும், மாற்றிப் புரட்டினால் எஞ்சினில் தண்ணீர் போகும். எஞ்சின் நின்ற பிறகு பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும், ஒவ்வொருவராக, ஓட்டுகிறவர் முதலில். ஈர உடம்போடு ஏற எனக்கு மூன்று முயற்சி ஆயிற்று. நீச்சல் தெரியாது என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே கைடிடம் சொல்லிவிடுங்கள், நான் சொன்னேன், அவர் எங்கள் வண்டியைத் தனக்கு அடுத்து வைத்துக்கொண்டார்.

பயமுறுத்துகிற மாதிரி இருந்தால் மன்னிக்கவும், என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு காலைப் பொழுது கிடைத்ததில்லை. தயாங் புந்திங் தீவில் இறக்கிவிடுவார்கள், படியேறிப் போனால் மலைக்கு நடுவில் நல்ல தண்ணீர் ஏரி, கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாறைச் சுவர்தான். பெயருக்குக் கர்ப்பிணிப் பெண் என்று அர்த்தமாம், மலையைத் தூரத்தில் பார்த்தால் அப்படியே மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. குழந்தை இல்லாதவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிறக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஏரியில் இறங்கினால் ஜாக்கெட்டோடு இறங்குங்கள், மேடையை விட்டு இறங்கியதுமே ஆழம். வழியில் குரங்குகள், பிஸ்கட் பாக்கெட் கையில் இருந்தால் உங்களுடையது இல்லை.

கருடனை மறந்துவிட்டேனே. அங்கே வானத்தில் வட்டமிடுவது நாம் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே கருடன்தான், செம்பழுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. லங்காவி என்கிற பெயரே அதிலிருந்து வந்தது என்று கைடு சொன்னார், அவர்கள் பாஷையில் ஹெலாங் என்றால் கழுகு, காவி என்றால் செம்பழுப்பு. காவி என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சில போட்காரர்கள் கோழித்தோலை வீசி அவற்றைக் கூட்டுகிறார்கள், அது பறவைக்குக் கெடுதல் என்று அங்கேயே பலர் எதிர்க்கிறார்கள், நீங்கள் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

ஆம்பூர்_தோல்ஷாப்

பண விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் பட்டது லங்காவியில் இல்லை, வேறு நாட்டில் வேறு தீவு, பெயர் வேண்டாம். கடற்கரையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன், இறங்கியதும் அடியில் ஒரு கீறலைக் காட்டி, நீதான் செய்தாய், பணம் கொடு என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பாஸ்போர்ட்டை முன்பே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், எனவே வாயைத் திறக்க முடியவில்லை. ரெண்டு மணி நேரம் பேரம் பேசி, கேட்டதில் பாதி கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், மூக்கு, ரெண்டு பக்கம், முடிந்தால் அடிப்பக்கமும், அவர்கள் கண் முன்னாலேயே. பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா, பெட்ரோல் சேர்த்தா, சேதமானால் எவ்வளவு வரை நம் பொறுப்பு, இதெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள், அதில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசியில் இருக்கும், கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பியர் குடித்துவிட்டு ஓட்டினால் எந்த இன்சூரன்ஸும் வராது, வரி இல்லாத தீவு என்பதால் அங்கே மலிவு, மச்சானைக் கவனியுங்கள்.

விசா, 2023 டிசம்பர் 1 முதல் நம் ஆட்களுக்கு 30 நாள் வரை வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறார்கள், கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் போட வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்

இவ்வளவு செலவு செய்து மலேசியா எதற்கு, அந்தமானில் கோர்பின்ஸ் கோவ் பீச்சிலேயே ஜெட் ஸ்கி இருக்கிறதே.

குடியாத்தம்_லுங்கி

காட்பாடி சகோ, அது அவர்கள் ஆள் கூடவே உட்கார்ந்துகொண்டு ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இவர் கேட்பது வேறு. அதுவும் இல்லாமல் டிக்கெட் போட்டாயிற்று என்கிறார்.

சத்துவாச்சாரி_சின்னவர்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் மொத்தத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மக்கன்பேடா அக்கா எழுதியதை மட்டும் மனைவி ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். இப்போது புதுச் சிக்கல்: "பைக் பழக்கம்தான் ஆபத்து என்றால் பழக்கம் இல்லாத நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள்" என்கிறார். ஸ்கூட்டி கற்றுக்கொள்ள ஆரம்பித்து காந்தி நகரில் ஒரு காம்பவுண்ட் சுவரில் இடித்ததோடு விட்டவர். மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். லைசென்ஸ் எதுவும் கேட்பார்களா? காலை டூர் நல்லதா, மாலை டூர் நல்லதா?

குடியாத்தம்_லுங்கி

எங்களிடம் லைசென்ஸ் கேட்கவில்லை, கைடோடு போவதால். வயதும் எடையும்தான் கேட்டார்கள், ரெண்டு பேர் எடையும் சேர்த்து. ஓட்ட விடுங்கள் தம்பி, பாதி வழி நீங்கள், பாதி வழி அவர், ஏதாவது ஒரு தீவுக் கரையில் நின்று மாறிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் மாறாதீர்கள். எங்கள் குரூப்பில் மிக ஒழுங்காக ஓட்டியது மும்பையிலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், வாழ்க்கையில் சைக்கிள்கூட மிதித்ததில்லையாம், கைடு சொன்னதை அப்படியே செய்தார்.

காலை டூரே போங்கள், காற்று குறைவு, கடல் படுத்திருக்கும். ஜனவரி அங்கே மழை இல்லாத காலம்தான். வெயில் மட்டும் ஜாக்கிரதை. வேலூர் வெயிலையே பார்த்த ஆள் என்று நான் க்ரீம் போடாமல் போனேன். காற்று அடிப்பதால் சுடுவதே தெரியவில்லை, மேலே இருந்து ஒரு வெயில், தண்ணீரிலிருந்து ஒரு வெயில். ராத்திரி தோள்பட்டையில் பெட்ஷீட் பட்டால்கூட எரிந்தது.

ஆற்காட்டு_மக்கன்பேடா

அண்ணி ஓட்டட்டும்!! கண்ணாடிக்குப் பின்னால் கட்டுகிற கயிறு வாங்கிக் கொடுங்கள், லாங் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். பழைய கண்ணாடி ஒன்று இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், என் வீட்டுக்காரருடையது இன்னும் தயாங் புந்திங் பக்கத்தில்தான் கடலுக்கு அடியில் கிடக்கிறது, புது பிரேம்.