பட்டம் முடித்து ஐந்து வருடம் ஆச்சு: இப்போது பாடம் எடுத்தால் மருத்துவப் பள்ளி கண்டுகொள்ளுமா?

யீஷூன்காரி:
வணக்கம். வயது 28. உயிர் அறிவியல் பட்டம், இங்கே சிங்கப்பூரில்தான் வாங்கினேன். இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. ரத்த டியூப்பில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மெஷினில் ஏற்றுவதுதான் பாதி நாள்.

மதிப்பெண் சராசரி 5க்கு 3.4. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், அவர் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் பக்கத்து நாற்காலியில் நோட்ஸோடு உட்கார்ந்திருப்பேன். படித்தேன் என்று சொல்ல முடியாது. கரிம வேதியியலில் டி பிளஸ்.

மருத்துவ ஆசை மட்டும் விடவில்லை. அமெரிக்காவில் பட்டத்துக்குப் பிறகு அறிவியல் பாடங்களை மட்டும் ஓரிரு வருடம் படிக்கும் 'போஸ்ட்-பேக்' இருக்கிறது, அதில் சேர்ந்தால் பழைய மார்க் அழிந்துவிடும் என்கிறார் ஓர் ஏஜென்ட். என் சேமிப்பு மொத்தமும் போய்விடும். அம்மா இன்னும் அதைக் கல்யாணக் காசு என்றுதான் சொல்கிறார். போகலாமா?

ஊட்ரம் அக்கா:
தங்கச்சி, முதலில் அந்த ஏஜென்ட் போனை எடுக்காதே.

நான் பொறியியல் படித்துவிட்டு இங்கேயே இருக்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்குப் போனவள். 2007ல் முதல் மாணவர்களைச் சேர்த்ததிலிருந்தே பட்டதாரிகளுக்கான பள்ளி அது. எந்தத் துறைப் பட்டமும் சரி. கூடவே எம்கேட் அல்லது கேம்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என்னிடம் உயிரியல் பாடம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் வேலை முடிந்து மாலை வகுப்பில் உடலியங்கியல் படித்தேன். விண்ணப்பத்துக்காக இல்லை, பயத்துக்காக. மற்ற இடங்களில் இரண்டு வருடம் நடத்தும் அடிப்படை அறிவியலை அங்கே முதல் வருடத்திலேயே திணித்துவிடுவார்கள், மூன்றாம் வருடத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதற்காக. வேலையோடு படித்துத் தாங்குவேனா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. சிறுநீரகம் பற்றிய பாடத்தை மூன்று முறை படித்தேன், நாலாவது முறைதான் புரிந்தது. நேர்காணலில் அதைப் பற்றித்தான் நிறையப் பேசினேன்.

உனக்கு அந்தச் சிறுநீரகப் பாடம் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே தெரியும். பாடம் எடுப்பதானால் ஒன்றோ இரண்டோ போதும். கடினமானதாக, பரீட்சை வைத்து கிரேடு தருவதாகப் பார்த்து எடு. வெறும் வருகைச் சான்றிதழ் எதற்கும் உதவாது.

திரும்பி வந்தவன்:
நான் அமெரிக்காவில் பட்டம் வாங்கி, அங்கேயே போஸ்ட்-பேக்கும் முடித்தவன். மார்க் அழியும் என்பது பழைய கதை. ஆஸ்டியோபதி பள்ளிகளுக்கான (எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தருபவை) விண்ணப்பத்தில் மட்டும், அதே பாடத்தைத் திரும்பப் படித்தால் புது கிரேடை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மற்ற மருத்துவப் பள்ளிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஆம்காஸ் விண்ணப்பத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தேதான் சராசரி வரும்.

கணக்குப் பாருங்கள். அங்கே சராசரி 4க்குத்தான். 120 கிரெடிட்டுக்கு 3.0 வைத்திருப்பவர் இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் 4.0 வாங்கினாலும் 3.2தான். ஒரு வருட உழைப்புக்கு 0.2! நான் அதை எக்செலில் போட்டுப் பார்த்தது பணம் கட்டிய பிறகு. (சிரிக்காதீர்கள்.)

உங்கள் நிலைமை இன்னும் வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழக கிரேடுகளை ஆம்காஸ் சரிபார்ப்பதே இல்லை, சராசரியிலும் சேர்க்காது. ஆக, உங்கள் டி பிளஸ் அங்கே கணக்கிலேயே வராது. அழிக்க என்ன இருக்கிறது? ஆனால் நிறையப் பள்ளிகள் அமெரிக்காவில் படித்த பாடங்கள் இவ்வளவு வேண்டும் என்று கேட்கும். வெளிநாட்டவரைச் சேர்ப்பவையும் குறைவு. சேர்த்தாலும் சில பள்ளிகள் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும்.

அப்புறம், இங்கே திரும்பி வந்து வேலை செய்ய நினைத்தால், சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள். 2020ல் அதை 160இலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள், 2025ல் ஒன்பது சேர்த்து 112 ஆக்கினார்கள். ஏஜென்ட் அதைப் பற்றி வாய் திறந்தாரா?

யீஷூன்காரி:
திறக்கவில்லை. முன்பணம் எப்போது கட்டுவீர்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். இனி போனை எடுக்கப் போவதில்லை.

அக்கா, கேம்சாட் செப்டம்பரில் எழுதலாம் என்று பார்க்கிறேன். மாலை வகுப்பில் உடலியங்கியலா, உயிர்வேதியியலா?

ஊட்ரம் அக்கா:
உயிர்வேதியியல். டி பிளஸ் வாங்கியது கரிம வேதியியலில்தானே? அதன்மேல் நிற்கிற பாடத்தில் ஏ வாங்கிக் காட்டு. ஆனால் ஷிப்டை முதலில் மாற்றிக்கொள். இரவு ஷிப்ட் முடித்து வந்து படிப்பேன் என்று மட்டும் சொல்லாதே, நானும் அப்படித்தான் சொன்னேன்.