செம்பூர் ஞாயிறு வகுப்பு – பெற்றோர் குழு

ராஜி டீச்சர்: இந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க போனோட வரட்டும். சொந்தமா இல்லாதவங்க அம்மா, அப்பா போனைக் கொண்டு வரலாம்.

செல்வம்: நாங்க பிடுங்கி பீரோவுல பூட்டுறோம், நீங்க குடுத்தனுப்பச் சொல்றீங்களே டீச்சர் 😄

ராஜி டீச்சர்: பூட்டினா ஒளிஞ்சு பாக்கத்தான் கத்துக்குறாங்க அண்ணே. போன வாரம், நேத்து எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னு முதல்ல சீட்டுல எழுதச் சொன்னேன். எல்லாரும் ஒரு மணி, ஒன்றரை மணி. அப்புறம் செட்டிங்ஸ்ல, போனை எவ்வளவு நேரம் பாத்தோம்னு காட்டுற டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்தோம். ஒருத்தனுக்கு நாலே கால் மணி! "அம்மா பாத்ததும் சேர்ந்திருக்கு மிஸ்"ங்கிறான்.

பாமா மாமி: யாராத்துப் பிள்ளைன்னு நேக்குத் தெரியும் 🤭

செல்வம்: மாமி, வேண்டாம்

ராஜி டீச்சர்: பேரை வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் மாமி. வீட்லயும் யாரும் திட்டாதீங்க. அப்புறம் ஒருத்தனும் உண்மை நம்பர் எழுத மாட்டான்.

ஷாலினி அம்மா: எம்பொண்ணு யூடியூப்ல கணக்குப் பாடந்தான் பாக்குறா. அதுவும் கணக்குல வருமா?

ராஜி டீச்சர்: இந்த வாரம் அதேதான். யூடியூப் ஹிஸ்டரியைக் கீழேருந்து மேல படிக்கணும். தேடிப் பாத்ததுக்கு 'தே', தானா வந்ததுக்கு 'வ'. ஒரு பொண்ணு முன்னாடியே போட்டுப் பாத்தா. பின்னம் வகுத்தல், 'தே'. அதுக்கு மேல கேக் ஐசிங், மெஷின்ல தர்பூசணியை நசுக்குறது, அப்புறம் வரிசையா ஷார்ட்ஸ். எல்லாம் 'வ'. "பாடம் முடிஞ்சதே தெரியல மிஸ், அதுவே அடுத்ததைப் போட்டுடுச்சு"ன்னு அவளே சிரிச்சா.

செல்வம்: ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணிட்டா?

ராஜி டீச்சர்: பண்ணலாம். 13லேருந்து 17 வயசு அக்கவுன்ட்டுக்கு 2021லயே ஆஃப்ல வச்சுட்டாங்க. நம்ம பிள்ளைங்க பாக்குறது அப்பா அக்கவுன்ட்லயாச்சே!

ஷாலினி அம்மா: டிக்டாக்கைத் தடை பண்ணப்பவே தொல்லை விட்டுதுன்னு நெனச்சேன்

ராஜி டீச்சர்: 2020 ஜூன்ல அது போச்சு. ஜூலைல ரீல்ஸ், செப்டம்பர்ல ஷார்ட்ஸ். எங்க விட்டுச்சு?

பாமா மாமி: இங்க மகாராஷ்டிராலயே சாங்லி பக்கம் மோஹித்யாஞ்சே வட்காவ்னு ஒரு ஊர். சாயங்காலம் 7 மணிக்குக் கோவில் சைரன் அடிச்சா ஒன்றரை மணி நேரம் டிவி, போன் எல்லாம் ஆஃப். 2022ல நியூஸ்ல காட்டினா. பெரியவாளுக்கும் சேர்த்துத்தான். நம்ம சொசைட்டி வாட்ச்மேனை விசில் ஊதச் சொன்னா என்ன?

செல்வம்: 7 மணிக்கா? உங்க சீரியல் மாமி?

பாமா மாமி: ஒன்பதரைக்கு ஊதட்டும்

ஷாலினி அம்மா: 😂😂

ராஜி டீச்சர்: சரி, காலைல 10 மணி, மொட்டை மாடி. ஹிஸ்டரில யார் பாத்ததுன்னு குழப்பம் வரும், அதனால போனுக்குச் சொந்தக்காரங்களும் வந்துடுங்க.

செல்வம்: டீச்சர், இந்த ஹிஸ்டரியை அழிக்கிறது எப்படி? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

ராஜி டீச்சர்: ஞாயித்துக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் சொல்லித் தரேன் அண்ணே